தண்ணீர் குடிக்காமல் போன குதிரை

மொட்டைப்பனங்குளத்துக்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அது பொய். எல்லாரிடமும் இருக்கிறது. எடுத்துச் செலவழித்தால் தீர்ந்துபோய்விடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் ராக்கப்பன் அறிவைவிடப் பத்திரமாக இன்னொன்றை வைத்திருந்தார். அது சகலை கோட்டைச்சாமியின் மேல் இருந்த கோபம். அதற்கு ஆறு வயது.

ராக்கப்பன் வெளியே கிளம்பும்போது சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார். ஆள் இல்லாத வீட்டில் கடிகாரம் யாருக்காக ஓட வேண்டும்? இதைக் கேள்விப்பட்ட கோட்டைச்சாமி, குலசாமி கோயில் கிடாவெட்டில் ஊரே பந்தியில் உட்கார்ந்திருந்த நேரத்தில், "எங்க அண்ணனுக்கு விவரம் பத்தாதுப்பா" என்று சொல்லிவிட்டார். பந்தி மொத்தமும் சிரித்தது. இலையில் கறி ஆறிப்போகிற அளவுக்குச் சிரித்தது.

அன்றிலிருந்து ராக்கப்பன் அவரோடு பேசுவதில்லை. அவர் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. "நீங்கதான் விவரமானவர்னு அவரு வாயால சொல்லணும். அதுவரைக்கும் இப்படித்தான்" என்று மனைவி முத்திருளாயியிடம் சொல்லிவிட்டார்.

கோட்டைச்சாமியும் மொட்டைப்பனங்குளத்தில் பிறந்தவர்தான். ஆனால் பட்டணத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டதால் ஊரில் அவருக்குப் பெரிய பெயர். திருடன் வந்தால் போன் பண்ணச் சொல்லிக் கட்டடத்து முதலாளி நம்பர் கொடுத்திருந்தார். கோட்டைச்சாமி தினமும் தவறாமல் போன் பண்ணி, "இன்னும் வரலைங்கய்யா" என்று சொல்லிவிடுவார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்தது. விதைப்பு முடிந்தது. களை எடுக்க நாள் இருந்தது.

"கட்டிக்கிட்டு வந்து முப்பது வருஷம் ஆச்சு. பட்டணத்தை ஒரு தடவை பார்த்துட்டு வருவோமுங்க. பஞ்சவர்ணம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா" என்றாள் முத்திருளாயி. பஞ்சவர்ணம் அவளுடைய தங்கை, கோட்டைச்சாமியின் மனைவி. "ஆனா உங்களுக்குத்தான் தம்பியோட பேச்சு இல்லையே. அங்க போயி எப்படித் தங்குறது?"

ராக்கப்பன் சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"போகத்தான் வேணும்" என்றார். "இங்க இருந்துக்கிட்டு நான் பேசாம இருந்தா, அது அவருக்கு எப்படித் தெரியும்? எதிர்ல உட்கார்ந்து பேசாம இருந்தாத்தானே உறைக்கும்!"

ஆக, கோபத்தையும் ஒரு கேன் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ரயில் ஏறினார்கள்.

"ஸ்டேஷன் வந்ததும் டக்குன்னு இறங்கிருங்க" என்று கோட்டைச்சாமி மனைவி மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த ஸ்டேஷன் வந்ததும் டக்கென்று இறங்கிவிட்டார்கள். சகலை வரவேற்க வருவார் என்று ஒரு பொழுது அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் போனில் பஞ்சவர்ணம், "அங்க இல்லக்கா, கடைசி ஸ்டேஷன்ல இறங்கணும்" என்றாள். அடுத்த ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷனுக்கு வந்தார்கள். இதற்கு அப்புறம் ஒன்று இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ராக்கப்பன் எழுந்திருக்கவில்லை. ரயிலைக் கழுவுகிற இடத்தில், ரயிலோடு சேர்த்து இருவரையும் கழுவி இறக்கிவிட்டார்கள்.

பட்டண வாழ்க்கை தொடங்கியது. வீட்டில் இருந்தது ஒரே அறை. நால்வரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ராக்கப்பன் தண்ணீரை மட்டும் கேனிலிருந்து குடித்தார்; சோறும் ரசமும் தண்ணீர்க் கணக்கில் வராது.

"முத்து, ரசத்துல உப்பு இல்லைன்னு எதிர்ல இருக்கிறவருக்குச் சொல்லச் சொல்லி உன் தங்கச்சிகிட்டச் சொல்லு" என்பார் ராக்கப்பன்.

"பஞ்சவர்ணம், உப்பு அண்ணன் கைப்பக்கத்துலதான் இருக்குன்னு அக்காகிட்டச் சொல்லு" என்பார் கோட்டைச்சாமி. அண்ணனின் கோபத்துக்கு அவர் மரியாதை கொடுத்தார். அதில் குறை சொல்ல முடியாது.

ஒருநாள் பெண்கள் இருவரும் காய் வாங்கப் போயிருந்தபோது, ஊதுபத்தி விழுந்து ராக்கப்பனின் வேட்டி நுனியில் தீப்பிடித்தது. கோட்டைச்சாமி பார்த்தார். பெண்கள் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததும், "பஞ்சவர்ணம், அண்ணன் வேட்டி எரியுதுன்னு அக்காவைவிட்டு அண்ணன்கிட்டச் சொல்லச் சொல்லு" என்றார்.

"தெரியும்னு சொல்லு" என்றார் ராக்கப்பன், முழங்காலைத் தட்டிக்கொண்டே.

ஊர் சுற்றக் கிளம்பும்போது, "பச்சை ஆள் வந்தாத்தான் ரோட்டைத் தாண்டணும்" என்று சொல்லி அனுப்பினாள் பஞ்சவர்ணம். சிக்னல் கம்பத்துக்குக் கீழே புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். சிவப்புச் சட்டைக்காரர் போனார், நீலச் சட்டைக்காரர் போனார். கடைசியில் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். அந்தப்பக்கம் போனதும் ராக்கப்பன் கையை விடவில்லை.

"விடுங்கய்யா, நான் பல் டாக்டரைப் பார்க்கப் போகணும்" என்றார் அவர்.

"பார்த்துட்டு வாங்க. நாங்க திரும்பிப் போகணும்ல?" என்றார் ராக்கப்பன். இருவரும் பல் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள். பட்டணத்தில் அவர்கள் முழுசாகப் பார்த்த முதல் இடம் அதுதான்.

கடற்கரைக்கும் போனார்கள். "அலை வந்தா பின்னால போங்க, அலை போனா முன்னால வாங்க" என்று பஞ்சவர்ணம் சொல்லியிருந்தாள். காலையில் ஆரம்பித்தார்கள். சாயங்காலம் மழை வந்து பஞ்சவர்ணம் தேடிக்கொண்டு போனபோது, இருவரும் மூச்சு வாங்க முன்னால் போய்ப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்குதான்டி" என்றாள் முத்திருளாயி. "ஆனா எப்ப நிறுத்தணும்னு நீ சொல்லவே இல்லையே."

இப்படியே போயிருந்தால் ராக்கப்பன் கோபம் பத்திரமாக ஊர் திரும்பியிருக்கும். ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், மாடியில் குடியிருந்த ஒரு புண்ணியவான் குதிரைப் பந்தயத்துக்கு நான்கு பாஸ் கொடுத்துவிட்டார்.

நால்வரும் போனார்கள். கேனில் மிச்சமிருந்த கிணற்றுத் தண்ணீரையும் முத்திருளாயி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். காலையில் பெய்த மழையில் புல்தரை ஊறிக் கிடந்தது. வெள்ளைக் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து நின்றார்கள். எதிரே குதிரைகளை நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பஞ்சவர்ணம், எல்லாரும் ஆளுக்கொரு குதிரையைத் தன் குதிரைன்னு வெச்சுக்கணும்னு சொல்லு. என் குதிரை அந்தக் கறுப்பு" என்றார் கோட்டைச்சாமி.

ராக்கப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு செம்மண் நிறக் குதிரை அவரைப் பார்த்துத் தலையாட்டியது.

"முத்து, அந்தச் செவலைதான் என் குதிரை. மரியாதை தெரிஞ்சது. என் குதிரை முன்னால வந்தா, அண்ணன்தான் விவரமானவர்னு அவரு நாலு பேருக்கு முன்னால சொல்லணும். சம்மதமான்னு கேளு."

கேள்வி இரண்டு வாய் தாண்டிப் போனது. பதில் இரண்டு வாய் தாண்டி வந்தது. "சம்மதமாம். ஆனா அவரு குதிரை முன்னால வந்தா, 'எனக்கு விவரம் பத்தாது'ன்னு நீங்க ஊர்ப் பந்தியில சொல்லணுமாம்."

மறுபடியும் அதே பந்தியா! ஆனாலும் சரி என்று ராக்கப்பன் தலையாட்டினார்.

"எவ்வளவு தூரம் ஓடும்னு கேளு" என்றார்.

"இப்படியே ஒரு சுத்துச் சுத்தி இங்கயே வந்துருமாம்."

"இங்கயேவா?" ராக்கப்பன் திகைத்தார். "அப்ப இப்பவே வந்து சேர்ந்துதானே நிக்குது? இதுக்கு எதுக்கு ஓடணும்?"

நால்வரும் இதை ஆழமாக யோசித்தார்கள்.

"எதையாவது மறந்து வெச்சுட்டுப் போயிருக்குமோ?" என்றாள் பஞ்சவர்ணம்.

"எல்லாக் குதிரையுமாடி மறக்கும்?" என்றாள் முத்திருளாயி.

"பின்னால வர்றது துரத்துது. அதான் முன்னால போறது ஓடுது" என்றார் கோட்டைச்சாமி.

"அப்ப கடைசியா வர்றது எதுக்கு ஓடுதாம்? அதைத்தான் யாரும் துரத்தலையே?" என்றார் ராக்கப்பன், மனைவியிடம்.

"தனியா நிக்கப் பயமா இருக்கும்" என்றாள் முத்திருளாயி.

இது எல்லாருக்கும் சரியென்று பட்டது. அதற்குள் மணி அடித்தது. குதிரைகள் பாய்ந்துவிட்டன.

தூரத்தில் சேறு பறந்தது. வளைவில் திரும்பியபோது கோட்டைச்சாமியின் கறுப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் தனியாக வந்தது. ராக்கப்பனின் செவலை எல்லாவற்றுக்கும் பின்னால் தனியாக வந்தது. ராக்கப்பன் கண்ணுக்கு முன்னால் பந்தி விரிந்தது, இலை விரிந்தது, வாய்கள் சிரிக்கத் தயாராயின.

மொட்டைப்பனங்குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஓடி வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் என்ன சேதி என்று கேட்க வேண்டும். வீடு தீப்பிடித்துவிட்டதென்று ஓடி வந்தவனுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். அவன் குடித்து வாயைத் துடைத்துவிட்டுச் சேதி சொல்வதற்குள் வீடு முடிந்துவிட்டது. மரியாதை மட்டும் குறையவில்லை.

முத்திருளாயிக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, இப்படி இரைக்க இரைக்க ஓடி வருதே!" என்று, பக்கத்தில் கிடந்த வாளியில் கேன் தண்ணீரைக் கவிழ்த்தாள். வேலிக்கு அடியில் புகுந்து, ஓடுபாதையில் வாளியை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கறுப்புக் குதிரை வாளியைப் பார்த்தது. பிரேக் போட்ட பஸ் மாதிரி நின்றது. மேலே இருந்த ஜாக்கி நிற்கவில்லை. அவர் மட்டும் பறந்து போய்ப் புல்லில் உட்கார்ந்தார். குதிரை வாளிக்குள் வாயை விட்டது. பின்னால் வந்த குதிரைகளும் அங்கே என்ன விசேஷம் என்று ஒவ்வொன்றாக நின்று, கழுத்தை நீட்டி முறை வைத்துக் குடித்தன. ஜாக்கிகள் கத்தினார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியாக வந்த செவலை மட்டும் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது, ஒதுங்கிப் போனது, மெதுவாக ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டியது.

மைதானமே எழுந்து நின்று கத்தியது. கோட்டைச்சாமி சொன்ன சொல் தவறாத மனிதராக, மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நாலு பேருக்குப் பதில் நாற்பது பேர் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"அண்ணே! நீங்கதான் விவரமானவர்!"

ராக்கப்பன் திரும்பவே இல்லை. அவர் முகம் சிவந்திருந்தது.

"ஏங்க, தம்பி சொல்லிட்டாரு!" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூவினாள் முத்திருளாயி.

"என்ன சொன்னாரு?"

"நீங்கதான் விவரமானவர்னு!"

"அது கிடக்குது, அப்புறம் பார்த்துக்கலாம். அந்தச் செவலை செஞ்சதைப் பார்த்தியா? ஊருல இருந்து சுமந்துக்கிட்டு வந்த கிணத்துத் தண்ணி! பொம்பளை கையில ஏந்திக்கிட்டு நிக்கிறா! மத்த குதிரையெல்லாம் குடிக்குது. என் குதிரைன்னு நான் சொன்ன ஒத்தைக் குதிரை, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போகுது! தண்ணி குடிக்காம போறதுன்னா என்ன அர்த்தம்? சகலை, நீங்களே சொல்லுங்க!"

ஆறு வருஷத்துக்கு அப்புறம் சகலை என்ற சொல் வாயில் வந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. கோட்டைச்சாமி நியாயத்தை யோசித்துக்கொண்டிருந்தார்.

"பகைன்னுதான் அண்ணே அர்த்தம்."

"நான் அதுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலையே. பார்த்ததும் நல்லாத்தானே தலையாட்டுச்சு."

"வாங்க, நேர்லயே கேட்டுருவோம்."

நால்வரும் வாளியோடும் கேனோடும் செவலையைத் தேடி ஓடினார்கள். அவர்களைப் பிடிக்கக் காவலாளிகள் ஓடி வந்தார்கள். முத்திருளாயி அவர்களுக்கும் முதலில் கேன் அடியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொடுத்தாள். குடித்துவிட்டு, ஏப்பம் விட்டுவிட்டு, நால்வரையும் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார்கள். செவலை உள்ளே மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தது. வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இனிமே அதோட எனக்குப் பேச்சே கிடையாது" என்றார் ராக்கப்பன்.

"எதுவரைக்கும் அண்ணே?"

"அதா வந்து பேசுறவரைக்கும்."

அண்ணன் மனசு ஆறட்டும் என்று கோட்டைச்சாமி எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். சுண்டல் வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக் கொடுத்த தண்ணீரையும் ராக்கப்பன் குடித்தார். ஒரு நேரத்தில் ஒரு பகையைத்தான் ஒழுங்காக நடத்த முடியும்.

அப்போது, கழுத்தில் சலங்கை கட்டிய ஒரு நோஞ்சான் மட்டக்குதிரையை ஓர் ஆள் பிடித்துக்கொண்டு வந்தார். "ஐயா, ஒரு ரவுண்டு போறீங்களா?" என்றார். குதிரை கழுத்தை நீட்டி ராக்கப்பனின் தோளை முகர்ந்தது. ராக்கப்பன் சட்டென்று கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, இது வேற குதிரை" என்றார் கோட்டைச்சாமி.

"தெரியுது சகலை. அதோட பங்காளியா இருக்கும். சமாதானம் பேச அனுப்பியிருக்காங்க."

"பாவமுங்க, இம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கு" என்றாள் முத்திருளாயி. "ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்களேன்."

ராக்கப்பன் கடலையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"முத்து, இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் சின்னப் பிள்ளைகளை அனுப்புறது முறையில்லைன்னு அதுகிட்டச் சொல்லு. வீட்டுல பெரிய குதிரை யாராவது இருந்தா வரச் சொல்லு. நாளைக்குச் சாயங்காலம்தான் எங்களுக்கு ரயில். அதுவரைக்கும் இங்கயேதான் இருப்போம்."

முத்திருளாயி எழுந்து போய், குதிரையின் காதில் அதை அப்படியே சொன்னாள். பிறகு நால்வரும் மணலில் துண்டை விரித்து, பெரிய குதிரை வந்தால் உட்கார நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, வரிசையாக உட்கார்ந்தார்கள்.