எட்டு நடை

நல்லபெருமாள் அண்ணாச்சி இருமினாலே தெரு திரும்பிப் பார்க்கும். அவர் மனைவி உலகம்மாளுக்கு மூட்டு வீங்கி, கொல்லைக் கடைசியில் இருக்கும் கக்கூஸுக்கு நடக்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒன்று வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். பிளம்பர் மாசானம் வந்தான். அண்ணாச்சி அவனிடம் ஒரு நிபந்தனை போட்டார்.

"வைக்கலாம்வே. ஆனா எங்க தாத்தா பதிச்ச தரைக்கல்லுல ஒண்ணுகூட உடையக்கூடாது. முடியாதுன்னா கொல்லையிலேயே கிடக்கட்டும். இந்தா இருக்கு, நடந்தா என்ன?"

தரையைத் தோண்டாமல் குழாய் எப்படிப் போகும்? மாசானம் தலையைச் சொறிந்தான்.

"சரி அண்ணாச்சி. மொதல்ல முத்தத்துப் பழைய குழாய்ல தண்ணி ஓடுதான்னு பாப்போம். நான் இங்க வாளித் தண்ணியை ஊத்துதேன். கொல்லைத் தொட்டிக்கு வருதான்னு நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அண்ணாச்சி போனார், வந்தார். "வரலவே." மறுபடி போனார். "இன்னும் வரல." எட்டாவது நடையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் வாளியைப் பார்த்தார். தண்ணீர் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

"ஊத்தவே இல்லியாவே?"

"இல்ல அண்ணாச்சி. மதினி தெனமும் எட்டு நடை போறாகளாம். எவ்வளவு தூரம்னு நீங்களே பாக்கட்டும்னுதான்."

அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதற்குள் உலகம்மாள் தைலக் குப்பியோடு நொண்டி நொண்டி வந்தாள்.

"ரொம்ப வலிக்கா? கொல்லைப் படிக்கட்டுல அந்த மூணாவது படியில மட்டும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு எறங்குங்க. நான் அப்படித்தான்."

அண்ணாச்சி எழுந்தார். மாசானத்திடம் சுத்தியலை வாங்கி, தாத்தாவின் கல்லில் முதல் போடு போட்டார்.