நேரில் வர வேண்டிய ஆள்

லாரி ஓட்டிக்கொண்டிருந்த அர்த்தநாரி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அந்த ஒற்றை லாரியை ஆள் வைத்து ஓட்டலாம் என்று நினைத்தாள் அவர் மனைவி பாவாயி. ஆனால் அவள் பெயரில் ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாமல் எந்தக் கம்பெனியும் லோடு தரவில்லை. லாரி வாசலிலேயே நின்று டயரெல்லாம் வெடிப்பு விட்டது.

வரி ஆபீசில் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அந்த விலாசத்துல உன் வீட்டுக்காரர் நம்பர் இருக்கும்மா. அதை ரத்து பண்ணாம உனக்குத் தர முடியாது. ரத்து பண்ண அவர்தான் நேர்ல வரணும்.”

“அவரு இறந்துட்டாருங்க சார். சர்ட்டிபிகேட் கொண்டாந்திருக்கேனுங்க.”

“ரூல்னா ரூல். ஆள் வரணும்.”

எத்தனை முறை போனாலும் இதே பதில்தான். கடைசியில் ஒருநாள், ஹால் முழுக்கக் கேட்கும்படி பாவாயி கைகூப்பிச் சொன்னாள்:

“அப்படின்னா நீங்களே ஒரு நோட்டீஸ் போட்டுக் கூப்பிடுங்க சார். நானும் பிள்ளைகளும் அழுது கூப்பிட்டோம், வரலைங்க. உங்களாட்டம் பெரிய ஆபீசர் கூப்பிட்டா வந்தாலும் வருவாரு. வந்துட்டா எனக்கு நம்பரே வேண்டாமுங்க, வண்டியை அவரே ஓட்டிக்குவாரு.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிப்போனது. உள்ளேயிருந்து எழுந்து வந்த மேலதிகாரி சர்ட்டிபிகேட்டை வாங்கிப் படித்தார்.

“இதுக்கா இவங்களை இத்தனை நாள் அலைய விட்டீங்க?”

அதிகாரி முகம் கறுத்துப்போய் கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையிலிருந்து அர்த்தநாரியின் பெயர் போனது. பாவாயியின் விண்ணப்பம் ஏறியது.

வெளியே வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஜெயிச்சுட்டீங்க அக்கா,” என்றான் வரிசையில் நின்றிருந்த ஒரு டிரைவர்.

“ஆமாங்க தம்பி. இனிமே அவரு எங்கயும் வர வேண்டியதில்லைங்க.”