விட்டுப்போன ஊர்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு அறுபத்து மூன்று. இது எந்த மடத்திலும் நடந்த கதை இல்லை என்பதால் வயதைச் சொல்லி யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

குருவின் பெயர் பெனிட்டா. பாளையங்கோட்டையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சீடர் ஆவுடையப்பன், முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்குத் தெற்கே அவர் கால் படாத வரப்பு இல்லை. அத்தனை வரப்பும் பழகிய அந்தக் கால்களுக்குக் கிளட்ச் பிடிபட நாலு மாசம் ஆனது.

இந்த வயதில் கார் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. டீச்சரிடம் மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டார். நாகர்கோவிலில் இருக்கும் மகள் கோமதிக்கு இது தலைச்சன் பிள்ளை. ஏழாம் மாசம் பிறந்ததும் வளையல் போட்டுப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். பஸ்ஸில் குலுங்க விடக்கூடாது. தன் கையால் ஓட்டிக் கூட்டி வர வேண்டும்.

கூட்டி வர வேண்டுமானால் அனுப்பி வைக்க அவர்கள் சம்மதிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் வீட்டுப் பால்காய்ப்பு. பால் பொங்கி, எல்லோரும் இலையில் உட்காரப் போகிற நேரம். ஆவுடையப்பன் பையிலிருந்து டேப்பை எடுத்து வீட்டின் பின்பக்கத்தை அளந்தார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தக்காலுக்கு இடைவெளி பார்க்கிற மனுஷர். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி. பின்பக்கம் ரெண்டே முக்கால் அடி குறைகிறது, வாங்கியவர் அளந்து பார்க்காமல் வாங்கியிருக்கிறார் என்று கூடியிருந்த சனத்துக்கு முன்னால் சொன்னார். வாங்கியவர் மாப்பிள்ளையின் அப்பா தாணுலிங்கம். அவர் தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே மனை அது. அன்றைக்கு அவர் கை நனைக்காமல் எழுந்து போனார். சம்பந்திகள் இருவரும் அதற்குப் பிறகு முகம் பார்க்கவில்லை.

இந்த மாசம் ஆவுடையப்பன் ரெண்டு தடவை பஸ்ஸில் நாகர்கோவில் போய்விட்டு வந்தார். முதல் தடவை வீடு பூட்டிக் கிடந்தது. ரெண்டாவது தடவை மாப்பிள்ளை வாசலில் நின்றபடியே ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார், கோமதி தூங்குகிறாள் என்றார், உட்காரச் சொல்லவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

இது மூன்றாவது தடவை. புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறக்கும், அதற்குள் போய்ப் பேசிவிட வேண்டும். பின் சீட்டில் தாம்பாளம் நிறையப் பழம், வெற்றிலை, மஞ்சள், ஒரு சீப்பு வாழை. மனைவி சொர்ணம் வர மறுத்துவிட்டார். "அளந்தது நீங்கதான, போயிட்டு வாரதும் நீங்களே போங்க" என்று சொல்லி, பழத்தை மட்டும் நன்றாகத் துடைத்து அடுக்கிக் கொடுத்தார். அதனால் பக்கத்து சீட்டில் டீச்சர் வந்தார். நெடுந்தூரம் ஓட்டுவதற்கு இதுதான் கடைசிப் பாடம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

கார் பழசு. அதன் நடுவில் வழி சொல்லும் திரை ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பது போலத் தமிழ் பேசும். ஆவுடையப்பன் அதை 'அந்தம்மா' என்பார். ஊர் வழியெல்லாம் அவருக்கு அத்துப்படிதான். ஆனால் காலில் மூன்று மிதி, கையில் ஒரு சக்கரம், முன்னால் லாரி என்று வந்தபின் அவருக்குக் கிழக்கும் மேற்கும் மறந்து போகும். அந்தம்மா சொன்னால்தான் கை திரும்பும்.

நாற்பது கிலோமீட்டர் நல்லபடியாகப் போயிற்று. அதன் பிறகு ஒரு ஓடைப் பாலம். பாலத்துக்கு முன்னால் இரும்புத் தடுப்பு, தார் டின், சிவப்புத் துணி. பாலத்தை இடித்துக் கட்டுகிறார்கள். மாற்றுப்பாதை என்று எழுதிய பலகை வாய்க்காலில் குப்புறக் கிடந்தது.

"இருநூறு மீட்டரில் நேராகச் செல்லவும்" என்றது குரல்.

"எங்க போய் நேராச் செல்ல? ஓடைக்குள்ளயா?" என்றார் ஆவுடையப்பன்.

காரைத் திருப்பினார். கொஞ்ச தூரம் வந்தார். குரல் திரும்பிச் செல்லச் சொன்னது. மறுபடி மறுபடி சொன்னது. அவர் திரையை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். மகள் வீட்டு விலாசத்தைப் புதிதாக அடித்தார். நீலக் கோடு மறுபடியும் அதே பாலத்தில் போய் ஏறியது. மூன்றாவது தடவை அடித்தபோது டீச்சர் குறுக்கே கை வைத்தார். வேப்பமரத்தடியில் ஓரங்கட்டச் சொன்னார்.

"இது என்ன டீச்சர், செக்குமாடு மாதிரி இங்கயே சுத்துது? பாலம் இல்லைன்னு இதுக்கு எப்படிச் சொல்ல?"

"சொல்ல முடியாது சார். புதுக் கார்ல இந்த ரோடு வேண்டாம்னு ஒரு பட்டன் இருக்கும். இதுல இல்ல."

"கண்ணு அவிஞ்சு போச்சா இதுக்கு?"

"வையாதீங்க சார். இதுக்குத் தெரிஞ்ச காலத்துல பாலம் இருந்திச்சு."

ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தே கால்.

டீச்சர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். போய்ச் சேரும் ஊரை மாற்ற வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றார். நடுவில் ஒரு ஊரை வைக்கலாம். அந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போவேன் என்று சொன்னால் இது வேறு வழி பார்க்கும். மூன்று கிலோமீட்டர் பின்னால் மேற்கே ஒரு ரோடு பிரிந்ததே, அதில் என்னென்ன ஊர் வரும் என்று கேட்டார்.

சர்வேயரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. ஆவுடையப்பனுக்கு உடம்பே நிமிர்ந்துவிட்டது. ஆலங்கிணறு, அதைத் தாண்டிப் பூச்சிக்குளம், அப்புறம் சடையன்புதூர், அங்கிருந்து மெயின் ரோடு என்று ஒப்பித்தார். எந்த ஊரில் எத்தனை ஏக்கர் புறம்போக்கு என்று சொல்லாததுதான் பாக்கி.

முதலில் பூச்சிக்குளத்தை வைத்தார்கள். நீலக் கோடு மேற்கே போய்ப் பூச்சிக்குளத்தைத் தொட்டது. தொட்ட கையோடு வந்த வழியே திரும்பிப் பாலத்தில் ஏறியது. அடுத்து சடையன்புதூரை வைத்தார்கள். கோடு பாலத்தைத் தாண்டி, தெற்கே சுற்றி, பின்பக்கமாகச் சடையன்புதூருக்கு வந்தது.

"ஒண்ணு ரொம்பக் கிட்டக்க இருக்கு. ஒண்ணு ரொம்பத் தள்ளி இருக்கு" என்றார் டீச்சர். "ரெண்டுக்கும் நடுவுல பத்து கிலோமீட்டர் இருக்கே சார். ஊரே கிடையாதா?"

ஆவுடையப்பன் கண்ணாடி வழியே தடுப்பைப் பார்த்தார். தடுப்பில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணு இருக்கு" என்றார். "நெட்டூரணி."

"மறந்துட்டீங்களா?"

"சம்பந்தி ஊரு."

டீச்சர் திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தார், அவ்வளவுதான். ஒரு மாட்டு வண்டி கடந்து போவதை ஆவுடையப்பன் பார்த்தார். பிறகு ஒரு விரலால் நெட்டூரணி என்று அடித்தார். நீலக் கோடு நெளிந்தது. பாலத்தை விட்டது. மேற்கே இறங்கி, நெட்டூரணி வழியாக, நாகர்கோவில் போய்ச் சேர்ந்தது.

அந்த ரோட்டில் அவர் நாற்பதுக்கு மேல் போகவில்லை. பூச்சிக்குளம் தாண்டியதும் முப்பது. நெட்டூரணிக் குளக்கரை தெரிந்ததும் கார் நடக்கத் தொடங்கியது. ஊருக்குள் போகாமல் கரை வழியே ஒரு மண்ரோடு பிரிவது அவருக்குத் தெரியும். அதில் வண்டியை விட்டார்.

"திரும்பிச் செல்லவும்" என்றது குரல்.

அவர் காதில் வாங்காமல் போனார். மறுபடி சொன்னது. இன்னும் கொஞ்சம் போனார். மறுபடி சொன்னது.

"ஊரைச் சுத்தித்தான போறோம் டீச்சர். இன்னும் ஏன் கூப்பிடுது?"

"நடுவுல வச்ச ஊரைத் தொடாமப் போனா அது கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கும் சார்."

"எடுத்துரலாமா?"

"எடுக்கலாம். எடுத்தா பாலத்துக்குப் போகும்."

ஆவுடையப்பன் என்ஜினை அணைத்தார். குளத்தில் ரெண்டு எருமை கிடந்தது. அவருக்குக் கோமதி பிறந்த நாள் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கியதும் எவ்வளவு நீளம் என்று விரலால் அளந்து பார்த்தவர் அவர். சொர்ணம் அப்போதே சிரித்தார். எதையும் தொட்டால் அளக்கத்தான் தெரியும் உங்களுக்கு என்றார். இப்போது அவர் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் காரைத் திருப்பினார். மூன்று மிதியும் சரியாக விழுந்தது.

தாணுலிங்கம் வீட்டு முற்றத்தில் நிலக்கடலை காயப்போட்டுக் கொண்டிருந்தார். காரைப் பார்த்தார். இறங்கியவரைப் பார்த்தார். கையில் கடலையோடு அப்படியே நின்றார். நாலு வருஷத்தில் முழுக்க நரைத்திருந்தார்.

வரும் வழியில் ஆவுடையப்பன் நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தார். வாசலுக்கு வந்ததும் ஒன்றையும் காணோம். "அன்னைக்கு நான் பண்ணது தப்பு" என்று மட்டும் வந்தது. "பந்தியில வச்சு அளந்திருக்கக் கூடாது. என்னைய மன்னிக்கணும்."

தாணுலிங்கம் கடலையைச் சாக்கில் போட்டார். மெதுவாகத் துண்டால் கையைத் துடைத்தார்.

"அளவு சரிதான் அத்தான்" என்றார். "மறுநாள் கயிறு வச்சு நானே அளந்து பாத்தேன். ரெண்டே முக்கால்தான். அந்த வெக்கத்துலதான் உங்க மூஞ்சியில முழிக்கலை. நான் பேசலைன்னு பையனும் பேசலை. அவனா உங்களை வேண்டாம்னு சொன்னதில்ல."

நாலு வருஷமாக ஒருவர் கோபம் என்று நினைத்தது மற்றவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. ரெண்டு பேரும் முற்றத்தில் நின்று, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கடலையைப் பார்த்தார்கள். பிறகு தாணுலிங்கம்தான் தொடங்கினார். தாம்பாளத்தைக் காரிலிருந்து எடுத்துவரச் சொன்னார். ஒரு பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார். இது அங்கே போய்ச் சேர வேண்டியது என்றார். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

வாசலில் நின்றே மகனுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"உன் மாமனார் கார்ல வந்துக்கிட்டு இருக்கேன். ஆமா, அவருதான் ஓட்டுதாரு. கோமதிகிட்டச் சொல்லு, அப்பா வாராருன்னு. பன்னெண்டுக்குள்ள வந்துருவோம், பேசி நாள் குறிச்சிரலாம்."

போனுக்குள் ஒரு சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் குரல் இல்லை. "அப்பாவா" என்று ஒரே ஒரு வார்த்தை. பிறகு கோமதி மூக்கை உறிஞ்சினாள். ஆவுடையப்பன் வேகமாகப் போய் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்ட முடியாமல் மாட்டினார்.

தாணுலிங்கம் முன் சீட்டில் ஏறினார். டீச்சர் பின்னால் போய்த் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டார். கார் ஊரைத் தாண்டியபோது குரல் திரும்பிச் செல்லச் சொல்லவில்லை. நேராகச் செல்லவும் என்றது.

சடையன்புதூர் வரைக்கும் ஆவுடையப்பன் ஐம்பதில் ஓட்டினார். அங்கே மெயின் ரோட்டில் ஏறியதும் கண்ணாடியில் டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். பாலம் கட்டி முடிச்சிருவாங்க. அப்புறம் இது தன்னால நேர் வழிக்கு மாறிருமா?"

"நடுவுல வச்ச ஊரை எடுத்தீங்கன்னா மாறிரும் சார்" என்றார் பெனிட்டா. தாம்பாளத்தில் சரிந்த வெற்றிலையை அடுக்கினார். "எடுத்துராதீங்க."