அடைப்பு கரையும்வரை

கடலோர ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் மெஹர்நிஷா என்றொரு மூளை நரம்பு மருத்துவர் இருந்தார். அவரிடம் பாடம் கேட்க வந்தவர் டாக்டர் அருளப்பன். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். எகிறிப்போன ரத்த அழுத்தத்தை நிமிஷத்தில் இறக்கிவிடுவார் என்று சொந்த ஊரில் அவருக்குப் பேர். அந்தப் பேரில் அவருக்கே கொஞ்சம் மயக்கம்தான், பாவம்.

ஒரு மத்தியானம், மீன் ஏலம் கூறும் ரோஸ்லினைத் தூக்கி வந்தார்கள். ஏலத்தின் நடுவிலேயே வாய் கோணி, வலது கை தொங்கி, பேச்சு நின்றுவிட்டது. கடற்கரை முழுக்கக் கேட்கும் குரல் அது. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை உறைந்த ரத்தக் கட்டி ஒன்று அடைத்திருந்தது. நல்லவேளை, நேரத்தோடு வந்து சேர்ந்தார்கள். கட்டியைக் கரைக்கும் மருந்து மெல்ல ஏறத் தொடங்கியது.

வெளியே மழை மூட்டம். அந்த மங்கலில் கட்டில்கள் மிதப்பதுபோல் இருந்தன. ஆட்களின் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதாகத் தோன்றியது அருளப்பனுக்கு.

மகள் ஜெசிந்தா பாசத்தில் அம்மாவின் தலைக்கு இரண்டு தலையணை வைத்திருந்தாள். மெஹர்நிஷா, தலைக்கு ரத்தம் போகட்டும் என்று இரண்டையும் உருவிவிட்டு, தலையைத் தாழக் கிடத்தினார்.

ரத்த அழுத்தம் நூற்று எழுபதில் நின்றது. அருளப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குறைக்கிற ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்.

"போட்டுடட்டுமா மேடம்?"

"எதுக்கு?"

"கட்டியக் கரைக்கிற மருந்து ஓடுது. இந்த அழுத்தத்துல மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சுட்டா?"

"நூத்தி எண்பதுதான் எல்லை. அதைத் தாண்டினா நானே போடச் சொல்வேன். இன்னும் தாண்டலையே."

பிறகு மெஹர்நிஷா அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ரோஸ்லின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், தூக்கத்தில் பேசுவதுபோல ஒரு கதை சொன்னார். ஒரு ஊரில் காயல் கடலோடு சேரும் வாயை மணல் மூடிவிட்டதாம். ஆட்கள் மணலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஓரத்துச் சின்ன ஓடைகள் வழியாகத்தான் கடல்நீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. கடல் உயர்ந்து நின்று தள்ளியதால்தான் அதுவும் போனது. உயர்ந்த கடலைப் பார்க்கப் பார்க்க மடைக்காவல்காரனுக்குப் பயம் வந்துவிட்டது. ஊர் முழுகிவிடும் என்று ஓடைகளின் மடைப் பலகைகளை இறக்கி அடைத்துவிட்டான்.

"ஊர் முழுகலையே?"

"முழுகல. சாயங்காலம் மணலும் வழிவிட்டுச்சு. தண்ணி திபுதிபுன்னு உள்ள போச்சு. மீனெல்லாம் அதுக்கு முன்னாடியே செத்து மிதந்துது."

அருளப்பன் ஊசியைத் தட்டில் வைத்தார். கையை மட்டும் அதன்மேலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

மழை பிடித்தது. மெஹர்நிஷா திரும்பத் திரும்ப ரோஸ்லினைக் கையைத் தூக்கச் சொன்னார், கண்ணில் வெளிச்சம் அடித்தார், அழுத்தத்தைப் பார்த்தார். அது கொஞ்சம் ஏறியது, இறங்கியது, எல்லைக்குள்ளேயே நின்றது. கை அசையவில்லை. எவ்வளவு நேரம் போனதென்று அருளப்பனுக்குத் தெரியவில்லை. தானும் அந்தக் காயலுக்குள் எங்கோ கிடப்பதுபோல் இருந்தது அவருக்கு.

ரோஸ்லினின் வலது கை விரல்கள் போர்வையை இழுத்தன. பிறகு குழறலாக, ஆனால் ரோஸ்லினுக்கே உரிய அதட்டலோடு ஒரு குரல் வந்தது.

"ஜெசி... கூடைய மூடு. காக்கா தூக்கிரும்."

ஜெசிந்தா அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அருளப்பனுக்கும் கண் நிறைந்துவிட்டது. அதை அவர் மறைக்கவுமில்லை.

வெளியே வந்ததும் கேட்டார்.

"ஒருவேளை கசிஞ்சிருந்தா? உங்களுக்குப் பயமே இல்லையா மேடம்?"

மெஹர்நிஷா நடையை நிறுத்தித் திரும்பினார். 

"இருந்துது. ஆனா பயம் எனக்கு, டாக்டர். அதுக்கு மருந்தை அவங்களுக்கா போடறது?"