அணில் நடத்திய ஆமை வீட்டுக் கல்யாணம்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், தாமரைக் குளத்தின் கரையில், துடியன் என்று ஓர் அணில் இருந்தது. காட்டில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் எடுத்து நடத்துவது அதுதான். காதுகுத்தா? கூப்பிடு துடியனை! புதுக்கூடு புகுவிழாவா? கூப்பிடு துடியனை! கால் தரையில் பாவாமல் ஓடி ஓடி வேலை பார்க்கும். நல்ல அணில்தான், குழந்தைகளே. ஒரே ஒரு குறை. தன்னைப் போலவே எல்லாரும் ஓடுவார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

அந்தக் குளத்தில் நீலாயி என்ற ஆமை வாழ்ந்தது. போன ஆண்டு ஓடையில் வந்த வெள்ளம் அதன் கணவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது ஒரே மகள், முத்தாரம். முத்தாரத்தை ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டால் யாரும் ஓடையைத் தாண்ட முடியாது. அதனால் இருபது நாளில் வரும் வெள்ளிக்கிழமை, உச்சிப்பொழுதுக்கு முன் கல்யாணம் என்று முடிவாயிற்று.

நீலாயி துடியனைத் தேடி வந்தது.

"தம்பி, எனக்கு ஆள் இல்லை. நீதான் கூட நின்னு நடத்திக் கொடுக்கணும். தடபுடல் எல்லாம் வேண்டாம். எங்க அண்ணன் வந்து முதல் மாலை போட்டாப் போதும்."

ஆமைகளின் வழக்கம் அது. பெண்ணின் கழுத்தில் முதல் மாலையைத் தாய்மாமன் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை மாலை போடலாம். தாய்மாமன் வரவில்லை என்றால் கல்யாணம் இல்லை. நீலாயியின் அண்ணன் மடுவீரன் மலையடிவார ஏரியில் இருந்தது.

"கவலையை விடுங்க அக்கா! இந்தக் காடே பார்க்காத கல்யாணமாப் பண்ணிக் காட்டறேன்" என்றது துடியன்.

அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டது. பந்தல் கீற்று பின்னத் தூக்கணாங்குருவிகள். பந்தல் கால் நட யானை. விருந்துக்குத் தேன் கொண்டுவரக் கரடி. மேளத்துக்கு மரங்கொத்திகள். அடுத்தது, ஊர் அழைக்க வேண்டும். யாருக்கு முதலில் சொல்வது?

'புலிக்கு முதலில் சொல்லாவிட்டால் உறுமும். மயிலுக்குப் பிந்திச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நம் வீட்டு ஆள் எங்கே போய்விடப் போகிறார்? மடுவீரன் அண்ணனுக்குக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம்' என்று துடியன் கணக்குப் போட்டது. ஏரிக்குக் கிளை விட்டுக் கிளை தாவினால் அரை நாள். அவ்வளவுதானே!

இப்படித்தான், குழந்தைகளே, கோபித்துக்கொள்பவர்களை எல்லாம் தேடித் தேடி அழைப்போம். கோபமே வராத சொந்தக்காரரைக் கடைசிக்குத் தள்ளிவிடுவோம்.

பத்து நாள் கழித்து நீலாயி கேட்டது. "தம்பி, அண்ணனுக்குச் சொல்லியாச்சா?"

துடியன் அப்போது மரங்கொத்திகளோடு மும்முரமாக இருந்தது. "சொன்ன மாதிரிதான் அக்கா! நீங்க பெண்ணைப் பாருங்க" என்றது. நீலாயியும் நிம்மதியாகக் குளத்துக்குள் இறங்கிவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டே நாள் இருந்தது. புதன்கிழமை விடிந்ததும் துடியன் ஏரிக்குக் கிளம்பியது. அரை நாளில் போய்ச் சேர்ந்தது. மடுவீரன் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே! முத்தாரத்துக்குக் கல்யாணம்! நீங்கதான் முதல் மாலை போடணும்!"

மடுவீரன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "அப்பன் இல்லாத பிள்ளைக்கு நல்ல காலம் வந்துதே! என்னிக்குத் தம்பி?"

"வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"இந்த வெள்ளிதான். நாளை மறுநாள்."

மடுவீரன் தன் குட்டைக் கால்களைக் குனிந்து பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது. "தம்பி, இங்கேருந்து நீலாயி குளம் எனக்குப் பத்து நாள் வழி."

துடியனுக்கு அப்போதுதான் தன் தப்பு உறைத்தது. மடுவீரன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று துடியனுக்கு இருந்தது. மடுவீரன் ஏரியில் இறங்கி ஒரு தாமரைக் கொடியைப் பறித்து மாலையாகக் கழுத்தில் சுற்றிக்கொண்டது. காட்டை நோக்கி நடக்கத் தொடங்கியது.

"அண்ணே, போய்ச் சேர முடியாதே!"

"முடியாதுதான். அதுக்காக உட்கார்ந்திருக்க முடியுமா?"

துடியன் அழாத குறையாகத் திரும்பி ஓடியது. பொழுது சாயும் நேரம், குளத்துக்குப் பக்கத்தில் குரங்கு எதிர்ப்பட்டது. குரங்குக்குத் தந்திரம் என்றால் வெல்லம். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தது.

"இதுக்குப் போயா கண் கலங்கறே? குளத்துல கிழட்டு ஆமை ஒண்ணு இருக்கில்லே, அதைப் பிடிச்சு ஓட்டுல கொஞ்சம் சேறு பூசு. இவர்தான் மாமன்னு உட்கார வை. மாப்பிள்ளை வீட்டார் யாரும் மாமனைப் பார்த்ததில்லை. தலையை உள்ளே இழுத்துக்கிட்டா எல்லா ஆமையும் ஒண்ணுதான்!"

துடியனுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கிழட்டு ஆமையைத் தேடிக் கரைக்கு வந்தது. அங்கே நீலாயி இருந்தது. கரையோரம் ஒரு வழவழப்பான கல்லைச் சுற்றி முள்ளையும் சருகையும் வாயால் கவ்வி ஒதுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணன் அலுத்துப்போய் வருவார் தம்பி. வந்ததும் காலாற உட்காரட்டும்" என்றது நீலாயி.

துடியனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். அண்ணனுக்கு இன்னிக்குத்தான் சொன்னேன்."

நீலாயி கவ்வியிருந்த சருகைக் கீழே போட்டது. "இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். ஏரி அரை நாள் தூரம்னு நினைச்சேன். அது எனக்கு அரை நாள். அண்ணனுக்கு எத்தனை நாள்னு யோசிக்கவே இல்லை."

நீலாயி அழுதது. துடியனும் அழுதது. நாளைத் தள்ளிப் போடவும் வழியில்லை. வானம் ஏற்கெனவே கறுத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளி மாலைக்குள் பெண்ணோடு ஓடையைத் தாண்டியாக வேண்டும். வெள்ளம் என்ன செய்யும் என்று நீலாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

துடியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு யானையிடம் ஓடியது. தன் வாழ்நாளில் கேட்டிராத கேள்வியை அன்றைக்குக் கேட்டது.

"யானையண்ணே, மலையடிவார ஏரிக்குப் போய்வர உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

யானை யோசித்தது. "போக முக்கால் நாள், வர முக்கால் நாள். இப்பவே கிளம்பினா வெள்ளிக்கிழமை உச்சிக்குள்ள வந்துடலாம். ஆனா நாளைக்குப் பந்தல் கால் நடறது யாரு? என்னைவிட்டா இங்கே யாராலயும் மூங்கில் தூக்க முடியாதே."

துடியன் பந்தல் போட வேண்டிய இடத்தைப் பார்த்தது. தூக்கணாங்குருவிகள் பதினைந்து நாளாகப் பின்னிய கீற்று அங்கே அடுக்கி இருந்தது. ஓரமெல்லாம் பூ வேலை. அந்தப் பந்தலை நினைத்து நினைத்துத் துடியன் பூரித்துப்போயிருந்தது.

"பந்தல் வேண்டாம் அண்ணே. நீங்க கிளம்புங்க" என்றது.

வெள்ளிக்கிழமை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். தலைக்கு மேல் ஒரு கீற்றுகூட இல்லை. புழுக்கம் தாங்கவில்லை. மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. புலி உறுமியது. தூக்கணாங்குருவிகள் துடியனோடு பேசவே இல்லை.

"பந்தல்கூடப் போடாம ஒரு கல்யாணமா?" என்று மாப்பிள்ளையின் அப்பா சலித்துக்கொண்டது.

"பந்தல் இல்லாமக் கல்யாணம் நடந்துடும் சம்பந்தி. மாமன் இல்லாம நடக்காது" என்றது நீலாயி. அதன் கண் மட்டும் மலைப்பக்கத்து வழியிலேயே இருந்தது.

நிழல் குறுகிக் குறுகிக் காலடிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் மூங்கில் புதர் விலகியது. யானை வந்தது. அதன் முதுகில், வாடிப்போன தாமரை மாலையோடு மடுவீரன்!

யானை தும்பிக்கையால் அதை மெல்ல இறக்கி முத்தாரத்தின் பக்கத்தில் விட்டது. மடுவீரன் கழுத்தை நீட்டி, மாலையை மருமகள் கழுத்தில் போட்டது. நீலாயி வாய்விட்டு அழுதது. அதைப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டது. மரங்கொத்திகள் மேளத்தைக் கொட்டி முழக்கின.

விருந்து முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மழைக்கு முன்னே ஓடையைத் தாண்டிவிட்டார்கள். மடுவீரனைத் திரும்பக் கொண்டுவிடுவதாக யானை சொன்னது.

"வேண்டாம் யானையாரே. உங்க முதுகில் எனக்குத் தலை சுத்துது. நான் நடந்தே போயிடறேன்" என்றது மடுவீரன்.

"தனியாவா போவீங்க?" என்று துடியன் கேட்டது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கல்யாணப் பலகார மூட்டையைத் தூக்கிக்கொண்டு மடுவீரனோடு கிளம்பிவிட்டது.

ஏரி போய்ச் சேரப் பத்து நாள் ஆயிற்று. வழியில் எத்தனை தடவை ஓடத் தோன்றியதோ, அது துடியனுக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு தடவைகூட அது முன்னே ஓடவில்லை.

நீதி: விழா எடுப்பவர் தம் கால் வேகத்தை வைத்து நாள் கணக்குப் போடக் கூடாது, வர வேண்டியவரின் கால் வேகத்தைக் கேட்டுப் போட வேண்டும்.