செவலையின் வயிறு

கொல்லிமலை அடிவாரத்தில் யோகாம்பாள் நடத்திவந்த சிறிய ஆசிரமத்துக்கு ஐயாறப்பன் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. நாற்பது வருடம் கல்யாணச் சமையல் செய்தவர். குருவோ அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"எனக்கு ஏதாவது உபதேசம் சொல்லுங்கம்மா" என்று வந்த நாள் முதல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுப்பைப் பாருங்கய்யா" என்பார் யோகாம்பாள்.

மழைக்காலத்தில் ஒரு பெண்நாய் நொண்டிக்கொண்டு வந்தது. செவலை என்று பேர் வைத்தார்கள். ஐயாறப்பன் அதற்கு நெய் வழியும் பொங்கல் வைத்தார். வடை வைத்தார். மிஞ்சிய குழம்பைச் சோற்றில் பிசைந்து வைத்தார். நாய் எல்லாவற்றையும் தின்றது. ஒரு காலையில் எல்லாவற்றையும் கக்கியது. பேதியும் சேர்ந்துகொண்டது.

கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார்.

"நெய்யும் எண்ணெயும் இதுக்கு ஆகாது. இன்னைக்கு முழுக்க வயிறு சும்மா கிடக்கட்டும். தண்ணி மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. நாளைக்குக் குழைய வெந்த சோறு ரெண்டு கரண்டி. உப்பு, பால் எதுவும் வேண்டாம்."

ஐயாறப்பன் தலையாட்டினார்.

சாயங்காலம் செவலை சமையலறை வாசலுக்கு வந்து நின்றது. குரைக்கவில்லை. அவரைப் பார்த்து வாலை மெல்ல ஆட்டியது. அவர் திரும்பி நின்று காய் நறுக்கினார். பிறகு ஒரு கிண்ணம் பாலை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பேதியில் ரத்தம் வந்தது. மருத்துவர் மறுபடி வந்து நரம்பில் மருந்து ஏற்றினார். "இன்னொரு தடவை இப்படி ஆனா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐயாறப்பன் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"பால் குடுத்தது நான்தாம்மா."

"தெரியும்."

"அது நின்னு பாத்துச்சு. என்னால தாங்க முடியல."

யோகாம்பாள் திட்டவில்லை. அன்றைய சமையலை வேறு இருவரிடம் ஒப்படைத்தார். ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார். அங்கே செவலை சுருண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, கூடவே வந்த ஐயாறப்பனையும் உட்காரச் சொன்னார்.

நாய் முனகியது. ஐயாறப்பனின் விரல்களை நக்கியது. அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். யோகாம்பாள் அந்தக் கையைப் பிடித்து நாயின் வயிற்றின் மேல் வைத்தார். உள்ளே கடமுடா என்று உருண்டுகொண்டிருந்தது.

"அமுக்காதீங்க. சும்மா வச்சிருங்க."

இருவரும் மாறி மாறி ஸ்பூனால் தண்ணீர் புகட்டினார்கள். வெயில் கொட்டகைக்குள் வந்து திரும்பிப் போயிற்று.

"என் சம்சாரத்துக்கும் கடைசியில வயித்துல எதுவும் தங்கலம்மா" என்றார் ஐயாறப்பன்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அது முகூர்த்த மாசம். கும்பகோணத்துல ஒரு கல்யாணம், மன்னார்குடியில ஒண்ணு. எங்க சமைச்சாலும் அவளுக்குக் கேரியர் அனுப்பினேன். பாதாம் அல்வா, அக்காரவடிசல். ஒரு நாள் விடல."

"அவங்க என்ன கேட்டாங்க?"

நாயின் வயிறு ஐயாறப்பனின் உள்ளங்கையின் கீழ் ஏறி இறங்கியது.

"சாப்பாடு எதுவும் கேக்கல. நான் எப்ப வருவேன்னு மகள்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாளாம்."

யோகாம்பாள் ஸ்பூனை அவரிடம் கொடுத்தார். அவர் தண்ணீர் புகட்டினார். பாதி கீழே சிந்தியது. மறுபடி மொண்டார்.

அடுத்த நாள் சோற்றை மாவாகக் குழைத்து இரண்டு கரண்டி வைத்தார். மூன்று மணி நேரம் கழித்து இன்னும் இரண்டு. செவலை அதை வாங்கிக்கொண்டது. கக்கவில்லை.

நான்காம் நாள் காலை, வெளியூர்க்காரர்கள் சிலர் குருவிடம் முக்தியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயாறப்பன் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"செவலை கட்டியாப் போயிருக்கும்மா."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோகாம்பாள் எழுந்துவிட்டார். "வாங்க, பாக்கலாம்" என்று அவரோடு தோட்டத்துக்குப் போனார்.

அந்த வாரக் கடைசியில் கார்த்திகை தீபம். அடுப்பில் நெய் காய்ந்துகொண்டிருந்தது. செவலை தேறிய உடம்போடு சமையலறை வாசலுக்கு வந்து நின்று அவரைப் பார்த்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். விளக்குக்கு எண்ணெய் வாங்க வந்திருந்த குருவிடம் கேட்டார்.

"இப்படிப் பாக்கும்போது இல்லைன்னு எப்படிம்மா சொல்றது?"

"பக்கத்துல உக்காந்துக்கிட்டு சொல்லுங்கய்யா" என்றார் யோகாம்பாள்.