காலி அலமாரியும் தீர்ந்துபோன டோக்கனும்

அந்தப் பொறியியல் கல்லூரியில் மாரிச்செல்வி வெறும் லேப் உதவியாளர். மாணவர்களின் புரோகிராம்களைச் சேமிக்கும் சர்வர், புராஜெக்ட் சமர்ப்பிக்கும் கடைசி நாளன்று காலையில் 'இடமில்லை' என்று அடம்பிடித்தது. பதினோரு பேர் இன்னும் சமர்ப்பிக்கப் பாக்கி; கெடு பகல் பன்னிரண்டு மணி. தாளாளர் தனுஷ்கோடி லேபுக்கே வந்து குதித்தார்.

"பாதி டிஸ்க் காலியா கெடக்கு, இடமில்லையாம்! எதையும் அழிக்கக் கூடாது, புதுசா வாங்கவும் மாட்டேன். பன்னெண்டு மணிக்குள்ள சரிபண்ணு, இல்லேன்னா வீட்டுக்குப் போ!"

"சரிங்கய்யா. ஒரு நிமிஷம் தேர்வுக்கூட வாசலுக்கு வாங்க."

தேர்வெழுத வருவோரின் பொருளை அலமாரியில் வாங்கி வைத்து, பொருளுக்கு ஒரு டோக்கன் கொடுப்பது அங்கே அவரே போட்ட சட்டம். செல்வி அவர் பையிலிருந்த பேனா, கண்ணாடி, மாத்திரை டப்பா என ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்து, இருந்த டோக்கனையெல்லாம் அவர் கையில் திணித்தாள். கடைசியில் குடையை நீட்டினார்.

"டோக்கன் தீர்ந்துபோச்சுங்கய்யா."

"அலமாரி காலியாத்தானே இருக்கு?"

"சர்வரும் அப்படித்தாங்க. இடம் இருக்கு, துக்கடா ஃபைலுக்கெல்லாம் தனித்தனியாக் கொடுத்து டோக்கன்தான் தீர்ந்துபோச்சு. ஒவ்வொருத்தர் வேலையையும் ஒரே பொட்டலமாக் கட்டிட்டா, ஆளுக்கு ஒரு டோக்கன் போதும்."

கூடி நின்ற மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தாளாளர் முகம் கறுத்தது.

செல்வி ஓடிப்போய்க் கட்டி முடித்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. பதினோரு பேருக்காக ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டாள்.

"நேரம் தீர்ந்துபோச்சும்மா," என்றார் தாளாளர்.

லேபிலேயே தனியாகச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாரோ என்று செல்விக்கு இன்றும் உறுத்துகிறது. அன்று வாசலில் வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் அந்தப் பதினோரு பேரும் இருந்தார்கள்.